என் பின்னால் நின்றவன்

மகன்,

மூன்று கிழமைக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நீயும் ஐலாவும் எங்கள் குரோருட் வீட்டுக்குச் சாப்பிட வந்திருந்தீர்கள். பாதிச் சாப்பாட்டில் நீ அறைக்குள் போய், ஐலாவின் அப்பப்பாவுடைய கில்ட்டை, அந்த ஸ்கொட்லாந்துக் கட்டப் பாவாடையை, உடுத்திக்கொண்டு வெறுங்காலோடு வெளியே வந்தாய். கலியாணத்துக்கு இதைத்தான் உடுக்கப் போகிறேன் என்றாய். அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தா. நான் கையிலிருந்த சோற்றைக் கோப்பையில் போட்டுவிட்டு எழும்பி பல்கனிக்குப் போனேன். நீங்கள் காரை எடுத்துக்கொண்டு மோர்டென்ஸ்ருட்டில் இருக்கிற உங்கள் வீட்டுக்குத் திரும்பும்வரை உள்ளே வரவில்லை. அன்று பின்னேரம் நீ அம்மாவுக்கு ரெலிபோன் எடுத்து, பாவாடை கட்டின மாப்பிள்ளையோடு கோயிலுக்கு வர அப்பாவுக்கு வெட்கமோ என்று கேட்டாயாம்.

வெட்கம்தான் மகன். ஆனால் அது உன்னைப் பற்றியது இல்லை. கலியாணத்துக்கு இன்னும் ஒரு மாதம் இருக்கிறது. அதற்குள் நீ தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று இருக்கிறது. அதை நேரே சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சனிக்கிழமைகளில் நீ அழுதழுது படித்த தமிழ் இதை வாசிக்கப் போதும். ஆறுதலாக வாசி. விளங்காத இடம் வந்தால் அம்மாவைக் கேள். அவவுக்கு இப்போது எல்லாம் தெரியும்.

ஐலாவின் அப்பப்பா அங்கஸை நீ இரண்டோ மூன்றோ தரம்தான் கண்டிருப்பாய். அவர் கடைசிக் காலத்தில் இருந்த முதியோர் இல்லத்தில் அவரைக் குளிக்கவைத்து, உடுப்பாட்டி, சாப்பாடு கொடுத்தவன் நான். ஸ்கொட்லாந்தின் மேற்கே ஒரு சின்னத் தீவில் பிறந்தவர். இளம் வயதில் நோர்வேக் கப்பல் ஒன்றில் வேலைக்கு ஏறி, ஒஸ்லோவில் இறங்கி, இங்கேயே ஒரு பெண்ணைக் கட்டி, துறைமுகத்துப் பட்டறையில் நாற்பது வருடம் உழைத்தவர். அவருடைய தாய்மொழி அந்தத் தீவில் கதைக்கிற கேலிக். அந்த இல்லத்தில் அதை விளங்கிக்கொள்ள ஒருவரும் இல்லை. சில நாட்களில் அவர் சுவரைப் பார்த்து அந்தப் பாஷையில் நெடுநேரம் கதைத்துக்கொண்டிருப்பார். மற்ற நேரத்தில் என்னோடு நல்ல நோர்வீஜிய மொழியில் கதைப்பார். அவருக்கு மறதி இருந்தது, ஆனால் மூளை கலங்கியிருக்கவில்லை. இதை நீ மனதில் வைத்துக்கொள்.

ஐலாவின் அப்பாவை உனக்குத் தெரியும். ஒஸ்லோவில் பிறந்து ஒஸ்லோவில் வளர்ந்த மனிதர், தகப்பனின் பாஷையில் நாலு சொல் தெரியாது. ஆனால் கில்ட் மூன்று வைத்திருக்கிறார், பைப் வாத்தியம் ஊதப் பழகுகிறார், பிள்ளைக்குத் தீவுப் பெயர் வைத்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் குடும்பமாகப் பார்க்க வரும்போது தகப்பனும் கில்ட்டோடு இருக்க வேண்டும் என்று எங்களிடம் கேட்டுக்கொண்டார். அந்த வேலை எனக்கு வந்தது. எட்டு யார் நீளக் கம்பளித் துணி மகன், ஒரு பிள்ளையைத் தூக்கிற பாரம். பின்பக்கம் முழுக்க மடிப்பு, முன்பக்கம் ஒன்றின்மேல் ஒன்று விழும் தட்டைத் துணி, இடுப்பில் தோல் வார். கட்டிவிட்டு ஆளைக் கதிரையில் இருத்தும்போது பின்மடிப்புகளைக் கையால் தடவி நேராக்கிவிட வேண்டும், இல்லாவிட்டால் கசங்கிவிடும். அங்கஸ் முணுமுணுத்துக்கொண்டே நிற்பார். தங்கள் தீவில் ஆடு மேய்க்கிறவனும் மீன் பிடிக்கிறவனும் காற்சட்டைதான் போட்டார்கள், ஊரை விட்டுப் போனவனுடைய பிள்ளைகளுக்குத்தான் இது தேவைப்படுகிறது என்பார். நான் உள்ளுக்குள் சிரித்துக்கொள்வேன். மன்னாரில் எங்கள் ஐயா, உன் அப்பப்பா, கலியாணத்துக்கும் செத்தவீட்டுக்கும் தவிர வேட்டி கட்டி நான் கண்டதில்லை. நாளாந்தம் மூட்டிக் கட்டுகிற கட்டத் துணிச் சாரம்தான். ஆனால் ஒஸ்லோவில், உனக்கு ஆறு வயதில், தமிழ் விழா மேடையில் ஏற்றுவதற்காகப் பட்டு வேட்டி கட்டி, அவிழாமல் இருக்க பெல்ட்டும் போட்டு, நீ நடக்கத் தெரியாமல் விழுந்து எழும்பியதை வீடியோ எடுத்தவன் நான்தானே.

முதன்முதல் நான் அவருக்குக் கில்ட் கட்டிவிட்டது ஒரு நவம்பர் மாதக் காலை. சூரியன் அப்போதுதான் சாம்பல் நிறத்தில் எழும்பிக்கொண்டிருந்தது. நான் இடுப்பு வாரைப் பூட்டிக்கொண்டிருக்க, அவர் என் தோளுக்கு மேலால் கதவைப் பார்த்தார். "உன்ரை ஆளை உள்ளை வரச் சொல்லு. நிலமெல்லாம் ஈரமாக்கிறான்" என்றார். திரும்பிப் பார்த்தேன். கதவு திறந்து கிடந்தது, நடையில் ஒருவரும் இல்லை. இப்படியான இடங்களில் செத்துப்போன புருசனைக் காண்கிறவர்களும் உண்டு, இல்லாத பூனைக்குப் பால் வைக்கிறவர்களும் உண்டு. எதிர்த்துக் கதைக்கக் கூடாது என்றுதான் எங்களுக்குப் பழக்கியிருந்தார்கள். சரி, சொல்கிறேன் என்றுவிட்டு, கதவடியில் இருந்த சப்பாத்தை எடுக்க முழங்காலில் இருந்தேன். காற்சட்டை முழங்காலில் நனைந்தது. குளிக்கவார்த்த தண்ணீர் சிந்தியிருக்கும் என்று நினைத்துத் துடைத்தேன். ஆனால் நான் குளிக்கவார்த்தது மற்றப் பக்கத்துக் குளியலறையில்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் அவர் அங்கே பார்ப்பார். சில நாள் தலையை ஆட்டி வணக்கம் சொல்வார். சில நாள், உன் ஆள் இன்றைக்கும் நனைந்துதான் வந்திருக்கிறான், குளிருக்கு என்ன செய்யப் போகிறான் என்று கவலைப்படுவார். எங்களோடு வேலை செய்த பிலிப்பீன்ஸ் பிள்ளையிடம் ஒருநாள் சாட்டோடு சாட்டாகக் கேட்டேன், அங்கஸ் உன்னோடு நிற்கும்போது ஆரையாவது காண்கிறாரோ என்று. இல்லை, என்னோடு பனியைப் பற்றியும் கோப்பியைப் பற்றியும்தான் கதைப்பார் என்றாள். மற்றவர்களிடமும் விசாரித்தேன். நான் நிற்கும்போது மட்டும்தான் அவர் அந்த ஆளைக் காண்கிறார் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. அன்றிலிருந்து அந்த அறைக்குள் போனால் கதவைச் சாத்தத் தொடங்கினேன். அதனால் ஒன்றும் மாறவில்லை.

மாசி மாதத்தில் ஒரு நாள், வெளியே பனி வெயிலில் கண் கூசிக்கொண்டிருந்தது. அங்கஸ் நல்ல தெளிவாக இருந்தார். கதவடியில் நிற்கிறவன் எந்தக் குலம் என்று என்னிடம் கேட்டார். எனக்கு விளங்கவில்லை. அவர் சின்ன வயதில் வீட்டுத் தறியில் நெய்தவராம். எந்தக் கட்டத் துணியைக் கண்டாலும் நூலை எண்ணி, இது இன்னார் குடும்பத்துத் துணி என்று சொல்லுவாராம். இவனுடைய கில்ட்டின் துணி மட்டும் தெரியவில்லை என்றார். நான் வேலைக் கவனத்தில், அது என்ன மாதிரித் துணி என்று கேட்டுவிட்டேன்.

அவர் கண்ணைச் சுருக்கிப் பார்த்து, அவசரப்படாமல் சொன்னார். "கறுப்புக்குக் கிட்டின ஊதா. இரண்டு வெள்ளைக் கோடு பக்கத்திலை பக்கத்திலை போகுது. பிறகு ஒரு மஞ்சள், ஒற்றை நூல்." கழுத்தை நீட்டிப் பார்த்தார். "மடிப்பு இல்லை. இது கில்ட் இல்லை, பிழையாச் சொல்லிப்போட்டன். சாக்கு மாதிரி வட்டமாத் தைச்சுக் கிடக்கு. துணி ஊதா, தைச்ச நூல் சிவப்பு."

நான் அவரைக் கதிரையில் இருத்தினேன். மடிப்பைத் தடவிவிட மறந்துபோனேன், அதற்கு ஏசினார். நான் போய்ப் படுக்கை விரிப்புகள் அடுக்கி வைக்கிற அறைக்குள் நின்று விரிப்புகளை எண்ணிக்கொண்டிருந்தேன். ஏனென்றால் அந்தச் சாரத்தை எனக்குத் தெரியும். மன்னார்ச் சந்தையில் என் அம்மா வாங்கி, ஊதா நூல் முடிந்துபோனதால் சிவப்பு நூலால் மூட்டினது. அதை உடுத்தியிருந்தவன் என் தம்பி சீலன். உன் சித்தப்பா.

சித்தப்பா கடலில் போனவர் என்றுதான் உனக்குத் தெரியும். வீட்டில் இருக்கிற ஒரே ஒரு படத்தில் மெல்லிய மீசையோடு நிற்கிறவர். அப்போது உனக்கு இரண்டு வயது. சண்டையால் மன்னாரில் இருக்கேலாமல் போய், நானும் அம்மாவும் நீயும் சீலனும் இந்தியாவுக்கு வள்ளம் ஏறினோம். விடியும் நேரம், வெளிச்சம் வரத் தொடங்க, ஓட்டி பயந்துபோய் எங்களை நடுவில் ஒரு மணல்திட்டுக்குக் கிட்ட, நெஞ்சளவு தண்ணீரில் இறக்கிவிட்டுத் திரும்பிவிட்டான். வேறு வள்ளம் வந்து ஏற்றும் என்றான். சீலனுக்குப் பத்தொன்பது வயது. உன்னைத் தோளில் இருத்தி, உன் இரண்டு காலையும் நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, பாட்டுப் பாடிக்கொண்டே நடந்தான். நீ அவன் தலைமயிரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். கரையில் கொண்டுவந்து அம்மாவின் கையில் தந்தான். நீ உடனே குடித்த பாலைச் சத்தி எடுக்கத் தொடங்கினாய், அம்மா கொஞ்சம் தள்ளி உன்னைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தா.

அப்போதுதான் நான் கொண்டுவந்த பை கையில் இல்லாததைக் கண்டேன். என் தொழிற்கல்லூரிச் சான்றிதழ், உன் பிறப்புப் பத்திரம், எல்லாம் அதற்குள். நான் இறங்கும்போது கைநழுவ விட்டிருக்கிறேன். தூரத்தில் மிதந்துகொண்டு போனது. சீலனை எடுத்துக்கொண்டு வரச் சொன்னேன். அவன் தண்ணீரைப் பார்த்தான். "அண்ணை, இழுவை கூடவாக் கிடக்கு" என்றான். திட்டுகளுக்கு நடுவில் நீரோட்டம் எப்படி என்று கடலில் வளர்ந்தவனுக்குத் தெரியும். எனக்கும் தெரியும். நான் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "நீந்தத் தெரியாதவன் மாதிரி நிக்கிறாய். பயமெண்டால் சொல்லு, நான் போறன்."

அவன் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு போனான். பையைப் பிடித்தான். பிடித்துக் கையை உயர்த்திக் காட்டினான். பிறகு அந்த இடத்தில் தண்ணீர் மட்டும்தான் இருந்தது. ஒரு மணித்தியாலத்துக்குப் பிறகு பை தானாக மணலில் வந்து ஒதுங்கியது. அவன் ஒருநாளும் ஒதுங்கவில்லை.

அம்மா திரும்பிப் பார்த்துக் கேட்டபோது, நான் மறிக்க முதல் பாய்ந்துவிட்டான் என்றேன். அந்த ஒரு வசனத்தை இருபது வருடத்துக்கு மேல் எல்லாருக்கும் சொன்னேன். ஊருக்குக் கடிதத்தில் எழுதினேன். உன் அப்பம்மா சாகும்வரை, சொல்வழி கேளாத பிள்ளை, அதுதான் கடல் கொண்டுபோனது என்று அவனைத் திட்டித் திட்டி அழுதாவாம். சொல்வழி கேட்டதால்தான் அவன் செத்தான் மகன். காய்ந்து பொருமின அந்தச் சான்றிதழைக் காட்டித்தான் எனக்கு நோர்வேயில் படிக்க இடம் கிடைத்தது. நீ இங்கே வளர்ந்தாய்.

அடுத்த ஞாயிறு துணிந்து அங்கஸிடம் கேட்டேன், அவன் அங்கே நின்று என்ன செய்கிறான் என்று. "ஒண்டும் செய்யேல்லை. உன்ரை வாயைப் பாத்துக்கொண்டு நிக்கிறான்" என்றார். தங்கள் தீவில் சிலருக்கு இப்படி ஒரு பார்வை உண்டு, கடலில் போனவர்கள் நனைந்தபடி வந்து நிற்பது தெரியும், தன் அப்பம்மாவின் தாய்க்கும் தெரிந்தது என்று, மூட்டு வலியைப் பற்றிச் சொல்வதுபோலச் சொன்னார். உங்கள் மகனுக்கும் தெரியுமோ என்று கேட்டேன். "அவனுக்கு உடுப்பு மட்டும்தான் வந்தது" என்றார். ஐலாவுக்கும் இல்லையாம். அது இரண்டு தலைமுறை பாய்ந்துதான் வருமாம்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? அலுவலகத்துக்குப் போய், இனி ஞாயிற்றுக்கிழமை வேலை வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தேன். அம்மாவுக்குச் சொல்லவில்லை. ஒரு பாதிரியாரிடமும் சொல்லவில்லை. என் வாயைப் பார்த்துக்கொண்டு ஒருவன் நிற்கிறான் என்று தெரிந்த பிறகும் வாயைத் திறக்காமல், அவன் நிற்கிற இடத்தை விட்டு விலகினால் போதும் என்று நினைத்தேன். நீ இனி ஒரு குடும்பத்துக்குப் பொறுப்பு. ஆபத்தான இடத்துக்கு வேறொருத்தனை அனுப்பாதே. அனுப்பினால், அனுப்பினது நான் என்று அன்றைக்கே சொல்லிவிடு. முதல் நாள் சொல்லாததை இரண்டாம் நாள் சொல்வது இருமடங்கு கஷ்டம். எனக்கு அது ஏழாயிரம் நாளைத் தாண்டிவிட்டது.

சித்திரையில் அங்கஸுக்குச் சுகம் குறைந்தது. அவருக்கு என் கைதான் பழக்கம் என்று குடும்பம் கேட்க, திரும்பப் போனேன். அன்றைக்குத்தான் என் கார் பழுதாகி, என்னை ஏற்ற நீ வந்தாய். உனக்கு அந்த நாள் வேறு காரணத்துக்காக ஞாபகம் இருக்கும். கீழே நீ காரில் சாய்ந்துகொண்டு நின்றாய், பஸ்ஸால் இறங்கி வந்த ஐலா உன்னிடம் முதன்முதலாகக் கதைத்து, ஆரைப் பார்க்க வந்தாய் என்று கேட்டாள். மேலே யன்னலடியில் நானும் அங்கஸும் உங்களைப் பார்த்துக்கொண்டு நின்றோம். அங்கஸ் ஒருதரம் கதவைத் திரும்பிப் பார்த்தார். பிறகு யன்னலைப் பார்த்தார்.

"போயிட்டான்" என்றார். ஆர் என்று கேட்டேன். "உன்ரை ஆள். கீழை அந்தப் பெடியனுக்குப் பின்னாலை போய் நிக்கிறான்." அந்தப் பெடியன் என் மகன் என்றேன். அங்கஸ் கண்ணாடியோடு முகத்தை ஒட்டிப் பார்த்தார். "கையை ஏன் அப்பிடி வைச்சிருக்கிறான்? இரண்டு கையையும் நெஞ்சுக்கு மேலை பொத்திக்கொண்டு நிக்கிறான். தோளிலை இருக்கிற பிள்ளையின்ரை காலைப் பிடிச்ச மாதிரி."

நான் அதை அவருக்குச் சொன்னதில்லை. ஒருவருக்கும் சொன்னதில்லை. நான் கீழே இறங்கி வந்தபோது நீ வெயிலில் நின்றுகொண்டு தோளைத் தடவினாய், ஏசி போட்டமாதிரிக் குளிர்கிறது என்றாய். ஞாபகம் இருக்கிறதோ தெரியாது.

அங்கஸ் அந்த இலையுதிர் காலத்தில் செத்துப்போனார். ஐலாவின் அப்பா கில்ட்டோடு புதைக்கத்தான் விரும்பினார். காற்சட்டையோடு புதைக்கச் சொல்லி அங்கஸ் என்னிடம் சொல்லியிருந்தார். அதை நான் அப்படியே போய்ச் சொன்னேன். செத்தவன் ஒருவன் சொன்னதை மாற்றாமல் நான் சொன்னது அதுதான் முதல்தரம். அந்த மனிதர் அழுதார், ஆனால் கேட்டார். அதனால்தான் அந்தக் கில்ட் இன்று உன் கையில் இருக்கிறது.

இனி அந்த ஞாயிற்றுக்கிழமை. நீ அறைக்குள் இருந்து வந்தபோது நான் முதலில் கண்டது உன் முதுகை. ஐலாவுக்குக் காட்டத் திரும்பி நின்றாய். கட்டத் துணி, அதற்குக் கீழே கறுத்த கெண்டைக்கால், ஒரு காலில் பாரத்தை வைத்துச் சரிந்து நிற்கிற விதம். உனக்கு இப்போது அவனை விட வயது கூட, இருந்தும் அது சீலன்தான். நான் எழும்பினேன். நீங்கள் போன பிறகு அம்மா என்னைக் கூப்பிட்டுக் காட்டினா. அறை வாசலிலிருந்து நீ நின்ற இடம்வரை நிலத்தில் ஈரக் கால்தடம். நீ கால் கழுவிக்கொண்டு வந்திருக்கிறாய் என்று நினைத்து, ஏசிக்கொண்டே துடைக்கத் துணி எடுத்தா. நான் குனிந்து பார்த்தேன். அந்தத் தடம் உன் காலை விடச் சின்னது. விரலில் தொட்டு நாக்கில் வைத்தேன். உப்பு.

அம்மாவைக் கதிரையில் இருத்தி, எல்லாவற்றையும் சொன்னேன். அவ சத்தம் போடவில்லை. அவன் போகமாட்டேன் என்று நின்றானோ என்று மட்டும் கேட்டா. ஓம் என்றேன். அவ அந்த ஈரத்தைத் துடைக்கவில்லை. அது தானாகக் காயும்வரை பக்கத்தில் இருந்தா. நாலு நாள் என்னோடு கதைக்கவில்லை. ஐந்தாம் நாள், மகனுக்கு எழுது, நான் வாசித்த பிறகு அனுப்பு என்றா. வாசித்துவிட்டா. ஒரு இடத்தில், சீலன் தாழ்ந்தபோது நான் பயத்தில் கத்தினேன் என்று எழுதியிருந்தேன். அது பொய், நீங்கள் கத்தவில்லை என்று சொல்லி வெட்டிவிட்டா.

கில்ட்டை உடுத்து மகன். ஐலாவின் குடும்பம் ஆசையோடு தருகிற துணி, மரியாதையோடு கட்டு. நான் முன்வரிசையில் வந்து இருப்பேன், எழும்பிப் போக மாட்டேன். இருக்கும்போது மடிப்பைத் தடவிவிட மறக்காதே. இதையெல்லாம் ஐலாவுக்கும் சொல். கலியாணத்துக்குப் பிறகு இல்லை, முதலே சொல். என்னை அவள் என்ன நினைத்தாலும் பரவாயில்லை.

நான் இதை எழுதுவது உன்னைப் பயப்படுத்த இல்லை. உன் பின்னால் நிற்கிறவன் உனக்குக் கெடுதல் செய்ய வந்தவன் இல்லை. ஆனால் உங்களுக்குப் பிறக்கப்போகிற பிள்ளை அங்கஸுக்கு மூன்றாம் தலைமுறை. அது கதைக்கத் தொடங்கி, ஒருநாள் உன் தோளுக்கு மேலால் பார்த்து, அந்த நனைந்த மாமா ஆர் என்று கேட்டால், ஒருவரும் இல்லை என்று மட்டும் சொல்லிவிடாதே. அவருடைய பெயர் சீலன், உனக்கு அப்பப்பா முறை என்று சொல். என்னைக் கரைக்குத் தூக்கிக்கொண்டு வந்தவர் என்று சொல். அவர் தானாகப் போகவில்லை, அவருடைய அண்ணன் அனுப்பித்தான் போனார் என்பதையும், அவருக்குக் கேட்கும்படி, கொஞ்சம் சத்தமாகச் சொல்.

அப்பா